பக்கத்து காலிமனைக்கு ஓனரைக் கண்டுபிடித்த கதை

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலிமனை. ஐப்பசியில் தேங்கும் தண்ணீர் தை வரை வடியாது. சீமைக்கருவேலம் மதிலைத் தாண்டி வளர்ந்துவிட்டது. போதாததற்கு ராத்திரியில் குப்பை மூட்டைகள் வேறு.

மாநகராட்சியில் புகார் கொடுத்ததும் துப்புரவு ஆய்வாளர் வந்தார். தெருவோரக் குப்பையை அள்ளினார்கள், கொசு மருந்து அடித்தார்கள். உள்ளே இருப்பதைக் காட்டினேன். "அது தனியார் இடம் சார். ஓனருக்கு நோட்டீஸ் கொடுத்துதான் செய்யணும். ஓனர் யாரு?" என்றார். நியாயமான கேள்விதான். வீடு கட்ட அனுமதி கேட்கும்போதுதான் பலருக்குக் காலிமனை வரி என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வருகிறது. வரிப் பதிவேட்டில் ஏறாத மனைக்கு யார் பெயரில் நோட்டீஸ் போடுவது?

பட்டாவைப் பார்த்தேன், இன்னும் லேஅவுட் போட்டவர் பெயரிலேயே இருந்தது. அப்புறம்தான் வில்லங்கச் சான்றைத் தேடினேன்; ஒரு இடத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றின் பட்டியல் அது. பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஒரே லேஅவுட் என்பதால் சர்வே எண் எங்கள் பத்திரத்திலேயே இருந்தது, பக்கத்து மனை எண் எல்லை விவரத்தில் கிடைத்தது. அந்த சர்வே எண்ணில் நடந்த அத்தனை கிரயமும் வந்து விழும். பொறுமையாக மனை எண்ணைத் தேட வேண்டும்.

வில்லங்கத்தில் பெயரும் ஆவண எண்ணும் இருக்கும், விலாசம் இருக்காது. அதற்குப் பத்திர நகல் வேண்டும். அடுத்தவர் பத்திரத்தை நமக்குத் தருவார்களா என்று நானும் தயங்கினேன். கிரயப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தின் நகலைக் கட்டணம் கட்டி யாரும் கேட்கலாம்; பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவு.

பெயர், சென்னை விலாசம், நகல், போட்டோ எல்லாம் சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் ஒரு மனு, மாநகராட்சி ஆணையருக்கு ஒன்று. பொதுத்தொல்லையை அகற்றக் கோட்டாட்சியர் உத்தரவிடலாம் என்ற பிரிவையும் வக்கீல் நண்பர் எழுதச் சொன்னார். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133. 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 152.

நோட்டீஸ் போனதும் ஓனரே போன் செய்தார். "மனை என்னங்க, ஓடியா போகுது?" என்று கோபமாக ஆரம்பித்தவர், போட்டோக்களை அனுப்பியதும் இறங்கி வந்தார். ஜேசிபி அவர் செலவு, மேற்பார்வை என்னுடையது. கருவேலத்தை வெறுமனே வெட்டிவிட்டால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதால், வேரோடு பிடுங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பள்ளத்துக்கு மண் அடிப்பதுதான் பாக்கி. மழைக்கு முன்னால் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.