சுளகும் பிடரியும்: போடி குறிப்புகள்

ஆகஸ்ட் 11
போடிநாயக்கனூரில் ஏலக்காய் வரத்து கூடிவிட்டது. தரம் பிரிக்கும் கூடங்களில் பெண்கள் சம்மணமிட்டு, சுளகை (முறத்தை) தரையில் வைத்துப் பொறுக்குகிறார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் காது தோளுக்கு நேரே இல்லை, நாலு விரல் முன்னே தள்ளியிருக்கிறது. தலையின் எடை 4.5 முதல் 5 கிலோ. குனியக் குனிய அதைப் பிடரித் தசைதான் இழுத்துப் பிடிக்கிறது. 2014-இல் வெளியான ஒரு கணக்கீடு, 60 பாகை குனிவில் கழுத்தெலும்பின் மேல் சுமார் 27 கிலோ பாரம் விழும் என்கிறது. அது கணினி மாதிரியில் வந்த எண், ஆட்களை வைத்து அளந்ததல்ல. குனிவதைவிட, அசையாமல் அப்படியே இருப்பதுதான் கெடுதல் என்பது எங்கள் கருத்து.

ஆகஸ்ட் 14
இப்படிக் குனிந்தே இருப்பவர்களுக்குப் பிடிப்பு பிடரியில், தலைவலியோ நெற்றியில். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்து உணர்ச்சியைக் கொண்டுபோகும் டிரைஜெமினல் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் இடம் மாறித் தெரிகிறது. தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இறுகிய முடிச்சை அழுத்தினால் சிலருக்கு நெற்றிப்பொட்டில் வலி தெறிக்கும். தூக்கக் குறைவும் கவலையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 19
சுளகை முழங்கை உயரத்துக்கு ஏற்ற வேண்டும். சம்மணத்திலேயே இருப்பவர்களுக்கு நான்கு விரல் உயர மணையும் முன்னால் ஒரு குட்டைப் பலகையும் போதும். பலகையின் எதிர்ப்பக்கத்தைச் சற்றுத் தூக்குங்கள். அதிகம் தூக்கினால் காய் மடியில் உருளும், கீழோரத்தில் ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்துவிடுங்கள். பலகை உயரம் கூடிப்போனாலும் ஆபத்துதான், தோள் காதை நோக்கி ஏறி அதுவே வலியைக் கொண்டுவரும். விளக்கு மங்கலாக இருந்தால் எந்தப் பலகையும் பயன்படாது, காயைப் பார்க்கத் தலை தானாக இறங்கும்.

ஆகஸ்ட் 23
தாடையை உள்ளிழுக்கும் பயிற்சி: பார்வை நேரே, தாடையைப் பின்னோக்கி நகர்த்தி 5 விநாடி நிறுத்தி விடவும், 10 முறை. பலரும் தாடையைக் கீழே குத்துகிறார்கள், அது குனிவுதான். பிடரி மேலே நீள்வது தெரிய வேண்டும். கையில் மரப்போ சுரீரென்ற இழுப்போ வந்தால் உடனே நிறுத்துங்கள். அரை மணிக்கொரு முறை எழுந்து நாலடி நடந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆகஸ்ட் 27
இந்தத் தலைவலி இருபக்கமும் துணியை இறுக்கிக் கட்டினது போலிருக்கும், துடிக்காது. திடீரென்று தாங்க முடியாமல் வெடிக்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், 50 வயதுக்குமேல் புதிதாக வரும் வலி என்றால் பலகையைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி மாத்திரை மாதத்தில் 15 நாளை எட்டினால் மாத்திரையே தலைவலியை நீட்டிக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.