சாரல் அடித்தால் உதறும் மாருதி 800

எங்கள் வீட்டு மாருதி 800, 1997 மாடல், காற்றில் பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டி. தென்காசியில் சாரல் தொடங்கினால் அதற்கும் சளி பிடித்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாமல் வண்டியே உதறும். புளியரை ஏற்றத்தில் இரண்டாவது கியரை விட்டு மாற்ற முடியாது. வெயில் வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

ஒரு மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் பிளக்கை ஒரே வருடத்தில் இரண்டு முறை மாற்றினேன். நாலு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதைதான். எதிர்வீட்டு மாமா அந்தக் காலத்தில் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். "மாப்ள, பிளக்க மாத்துன, சரி. பிளக்குக்குப் போற வயர எப்ப மாத்துன?" என்றார். யோசித்துப் பார்த்தேன். வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை.

அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போதே வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தோம். நடு சிலிண்டர் வயரிலிருந்து இன்ஜின் உடம்புக்கு நீலப் பொறி படபடவென்று தாவியது. சூட்டில் ரப்பர் வெடித்துப் போயிருக்கிறது. ஈரம் பட்டால் பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே இறங்கிவிடுகிறது. பாவம், கார்புரேட்டரைத்தான் சும்மா திட்டியிருக்கிறோம்.

மறுநாள் மூன்று பிளக், பொறிக்கான மின்சாரம் தரும் காயிலின் வயரோடு சேர்ந்த ஒரு வயர் செட், அந்த மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு கேப் (மூடி) வாங்கினேன். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் பிளக்கில் கைவைத்தேன். பிளக் மாட்டியிருக்கும் ஹெட் (இன்ஜினின் மேல் பாகம்) அலுமினியம், சூட்டோடு கழற்றினால் மரை போய்விடும். பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணை முதலில் சைக்கிள் பம்ப்பால் ஊதித் தள்ளினேன், உள்ளே விழுந்துவிடக் கூடாதே. இரண்டு பிளக்கின் முனை வெளிர் பழுப்பில் இருந்தது. நடு பிளக் மட்டும் கரி பிடித்து, பெட்ரோலில் நனைந்து வந்தது.

புதுப் பிளக்கில் பொறி தாவும் முனையின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே மாட்டாமல் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தேன். ஒன்று குறைவாகத்தான் இருந்தது. பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் செருகித் திருகச் சொன்னார் மாமா. மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். கையால் இறுகிய பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, அவ்வளவுதான்.

சொதப்பியது வயரில். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும் என்று தெரிந்தும், அவசரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். போட்டோகூட எடுக்கவில்லை. தோன்றியபடி மாட்டி சாவியைத் திருப்பினால் கார்புரேட்டர் பக்கம் 'டப்' என்று வெடித்தது. வாசலில் படுத்திருந்த நாய் ஓடியே போய்விட்டது.

மாமா சிரித்துக்கொண்டே வந்தார். "அம்பாசிடருக்கு ஒண்ணு மூணு நாலு ரெண்டு. இதுக்கு ஒண்ணு மூணு ரெண்டு." சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை அது. வரிசை சரி, கேப்பில் எந்தக் குழியிலிருந்து தொடங்குவது? மூன்று பிளக்கையும் திரும்பக் கழற்றினோம். முதல் சிலிண்டர் ஓட்டையை அவர் விரலால் அடைத்துக்கொள்ள, நாலாவது கியரில் போட்டு நான் வண்டியை மெல்லத் தள்ளினேன். காற்று விரலைத் தள்ளி, பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் "நிப்பாட்டு" என்றார். கேப்பைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே சுற்றும் ரோட்டார் எந்தக் குழியைப் பார்க்கிறதோ அது ஒன்றாம் நம்பர். அங்கிருந்து ரோட்டார் சுற்றும் திசையிலேயே மூன்று, இரண்டு என்று மாட்டினோம். வயர் முனையிலுள்ள ரப்பர் பூட் உள்ளே போய் 'டக்' என்று உட்காரும் வரை அழுத்தினேன். சாவியை லேசாகத் திருப்பியதுமே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

இப்போது கேப்பின் மேல் மனைவியின் நகப்பூச்சால் 1, 3, 2 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு நிறம். போன வாரம் நல்ல சாரலில் பிரானூர் பார்டருக்குப் பரோட்டா வாங்கப் போய், அப்படியே புளியரை ஏற்றம் வரை ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது கியரிலேயே ஏறியது. மாமா பேசவில்லை, பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.