அக்கா சொல்லாமல் விட்ட வசனம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எனக்குப் பல் கழற்றவும் அடைக்கவும் வேர்ச்சிகிச்சை செய்யவும் கற்றுத் தந்தார்கள். நாலு பேரோடு ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்துவது எப்படி என்பதை மட்டக்களப்புக்குத் திரும்பி, சொந்தமாக ஒன்றைத் தொடங்கிய பிறகு, பிழைவிட்டுத்தான் கற்றேன். அந்தப் பிழைகளில் ஒன்று இன்றும் என்னை உறுத்துகிறது.

என் உதவியாளர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டொக்டர் என்பார். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கீழ்த்தாடைப் பல்லைக் கழற்றும் குறட்டுக்காகக் கை நீட்டினேன். அவர் மேல்தாடைக் குறட்டைத் தந்துவிட்டார். வெளியே இருபது பேர் காத்திருந்த நேரம். கதிரையில் இருந்தவர் கேட்கத்தக்கதாக, "இத்தனை வருடமாகியும் இது தெரியாதா?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் சரியான குறட்டை எடுத்துத் தந்தார். மாலைக்குள் நான் அதை மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை என்பது சில வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

படுவான்கரையிலிருந்து ஒரு முதியவர் வந்தார். கடைவாய்ப்பல் ஆடிக்கொண்டிருந்தது. "நோய் ஏதும் இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டேன். "பிரஷரும் இல்லை, சீனியும் இல்லை, மகள்" என்றார். விறைப்பூசி போட்டேன், பல் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. பஞ்சைக் கடிக்கச் சொல்லி வெளியே இருத்தினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பஞ்சு முழுவதும் சிவப்பு. மாற்றினேன். அதுவும் நனைந்தது. அப்போதுதான் அக்கா மெதுவாகச் சொன்னார்: "டொக்டர், அவர் இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை குடிக்கிறாராம். காலையில் கிளினிக் கொப்பியை என்னிடம் காட்டினார்."

அது வார்ஃபரின். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததற்குக் கொடுத்திருந்தார்கள். வார்ஃபரின் எடுப்பவருக்குப் பல் கழற்றக்கூடாது என்றில்லை. இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்து, அது 4க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமலே கழற்றலாம். காயத்தைத் தைத்து அனுப்ப ஆயத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்திருந்தால் ஒரு சாதாரணக் காரியம். தெரியாததால், ஒரு வயோதிபர் மத்தியானம் வரை வாயில் இரத்தத்தோடு வாங்கில் இருந்தார். தையல் போட்டு, அழுத்திப் பிடித்து, இரத்தம் நின்ற பிறகு கடிதம் எழுதி வைத்தியசாலைக்கு அனுப்பினேன். அந்த நேரம் முழுவதும் அக்கா அவருடைய கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார்.

மாலையில் அக்காவிடம், "ஏன் முதலே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்கள் கேட்டீர்கள், அவர் இல்லை என்றார். அதற்குமேல் நான் எப்படிக் குறுக்கே பேசுவது?" என்றார். குறட்டைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அன்று நானே அவருடைய வாயை அடைத்திருந்தேன். அதற்கான விலையைக் கொடுத்தவர் அந்த முதியவர்.

எங்கள் ஊரில் நோயாளிகள் மனதில் உள்ளதைக் கதவடியில் நிற்கும் அக்காவிடம்தான் சொல்வார்கள். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வந்தால் "இல்லை, இல்லை" என்று தலையாட்டுவார்கள். இது தெரிந்தும் அக்காவை ஆயுதம் எடுத்துத் தருபவராக மட்டும் வைத்திருந்தேன்.

மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒரு வழக்கத்தைத் தொடங்கினோம்: ஊசியை எடுக்குமுன் அக்கா அட்டையைப் பார்த்து, பெயர், குடிக்கும் குளிசை, பல்லின் இலக்கம் ஆகியவற்றை உரத்து வாசிப்பார். அவர் வாசித்து முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. முதல் வாரம் அவருடைய குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாம் மாதம் ஒருநாள், நான் வலப்பக்கம் குனிந்தபோது, "டொக்டர், அட்டையில் 36. அது இடப்பக்கம்" என்றார். கை நின்றது. அந்த நோயாளியின் முன்னாலேயே நன்றி சொன்னேன்.

2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தபோதும் வழி காட்டியவர் அவர்தான். ஆயுதங்களை நீராவியால் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவ் 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம் ஓட வேண்டும். இடையில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டி, அதற்கேற்பப் பல் கழற்றும் நேரங்களை மாற்றிக் குறித்தார். எனக்கு அது தோன்றவே இல்லை. வெற்றிலை போடுபவர் யார் வந்தாலும், மூன்று விரல் நுழையுமளவு வாய் திறக்கிறதா என்று பார்த்துச் சொல்வதையும் அவரே தொடங்கினார். பாக்கினால் வாயின் உட்தோல் இறுகுவது புற்றுநோய்க்கு முந்திய நிலையாக இருக்கலாம் என்று நான் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னதை மனதில் வைத்திருந்தாராம்.

போன மாதம் வவுணதீவிலிருந்து ஒரு தங்கச்சி வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாம் நாள், கீழ்ப்பல்லுக்கு மேல்தாடைக் குறட்டை நீட்டினாள். வெளியே வாங்கு நிறைய ஆட்கள். நிமிர்ந்தேன். எதிரே அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குறட்டைத் தட்டில் வைத்துவிட்டு, "அதற்குப் பக்கத்தில் இருப்பதைத் தாருங்கள், தங்கச்சி" என்று மறுபடியும் கையை நீட்டினேன்.