எங்கட வீட்டு இரண்டு மாப்பிள்ளைமார்

எங்கள் ஆரையம்பதி வீட்டில் இப்போது நாலு தலைமுறை இருக்கிறது. பெத்தா (அம்மாவின் அம்மா), அம்மா, நானும் தங்கச்சியும், என் மகள். ஆண்கள் என்றால் அப்பாவும் என் வீட்டுக்காரரும்தான், இரண்டு பேருமே கல்யாணம் கட்டி இங்கே வந்து சேர்ந்தவர்கள். மட்டக்களப்பில் இது புதினமே இல்லை. வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம், மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வருவார், குடி என்கிற வம்சமும் தாய்வழியில்தான் வரும். பக்கத்துக் காத்தான்குடி முஸ்லிம்களிடமும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம்தான். 1969இல் அக்கரைப்பற்றில் ஆய்வு தொடங்கிய அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தக் குடிமுறை பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஆனால் பழைய மாப்பிள்ளையும் புது மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தால் மீன் தலை யாருக்கு என்பதை எங்கள் குசினியில் வந்துதான் பார்க்க வேண்டும்.

பாரை மீன் வாங்கினால் தலை மாப்பிள்ளைக்கு. அம்மாவைக் கட்டிய நாளிலிருந்து அது அப்பாவின் சொத்து. என் கல்யாணம் முடிந்த கிழமை பெத்தா அந்தத் தலையைத் தூக்கி என் வீட்டுக்காரரின் கோப்பையில் வைத்துவிட்டா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். என் வீட்டுக்காரருக்கோ மீன் தலை கண்ணில் காட்டக்கூடாது, ஆனால் பெத்தா போட்டதைத் தள்ளி வைக்கிற துணிவு இந்த வளவில் யாருக்கும் இல்லை, மனுசன் கண்ணை மூடிக்கொண்டு கன்னம், மூளை, எல்லாவற்றையும் உறிஞ்சி முடித்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு நல்ல விருப்பம் போல" என்று பெத்தா அம்மாவிடம் சொன்னா. சரி, அதோடு முடிந்தது. இப்போது அம்மா சமாளிப்பதற்காகச் சின்னப் பாரை இரண்டு வாங்குகிறா. அப்பாவுக்குத் தலை திரும்பக் கிடைத்துவிட்டது, என் வீட்டுக்காரருக்குத்தான் விடுதலை கிடைக்கவில்லை.

பெத்தா அப்பாவோடு நேரே பேசமாட்டா. அந்தக் காலத்து மாமியார், மருமகனின் முகம் பார்த்துக் கதைப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவ. சின்ன வயதில் நான்தான் நடுவில் நின்றேன், இப்போது அந்த உத்தியோகம் மகளுக்கு. இரண்டு பேரும் விறாந்தையில் நாலடி தள்ளித்தான் இருப்பார்கள். "புள்ள, கரண்ட் பில் கட்டியாச்சா எண்டு அம்மப்பாட்டக் கேளு." அப்பாவின் காதில் விழாமலா இருக்கும்? ஆனாலும் அவள் வந்து திருப்பிச் சொல்லும்வரை பேப்பரிலிருந்து நிமிரமாட்டார்.

மகளுக்கு இந்த வேலையின் அருமை தெரிந்துவிட்டது. அண்மையில் ஒரு பின்னேரம் பெத்தா, "ரீவிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லு புள்ள" என்றா. இவள் என் அப்பாவிடம் போய், "பெத்தா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரச் சொன்னா" என்றாள். பெத்தாவுக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது, நான் அப்படிச் சொல்லவில்லை என்று மருமகனிடம் நேரே சொல்லவும் முடியாதே! அப்பா மறுபேச்சில்லாமல் எழும்பி, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்தார். வரும்போது பெத்தாவுக்கும் ஒன்று வாங்கி வந்தார். ரீவி அதே சத்தத்தில் கத்திக்கொண்டிருக்க, பெத்தா கடைசிச் சொட்டுவரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த முறை வனிலா வேணாமாம் எண்டு சொல்லு" என்றா.

மூத்த மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தால், பெற்றோர் அடுத்த மகளுக்கு வீடு கட்டி அங்கே மாறுவதுதான் எங்கள் வழக்கம். தங்கச்சிக்காகப் பின்வளவில் தொடங்கிய வீடு 2022இல் சீமெந்து விலை ஏறியதோடு பாதிச் சுவரில் நின்றது. அதனால்தான் இன்னமும் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். அந்தச் சுவர் நிழலில் அப்பா ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டார். பிறகு என் வீட்டுக்காரரும் இன்னொரு கதிரையோடு போனார். முதலில் கதவில்லாத வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள், இப்போது ஒரே அறையில் காட்ஸ். "ரெண்டு பிளேன்டீ" என்று அங்கிருந்து சத்தம் வரும். "இதென்ன தேத்தண்ணிக் கடையா" என்று அம்மா ஏசுவா, ஏசிக்கொண்டே பனங்கட்டியும் வைத்து அனுப்புவா.

வேறு ஊர்களில் வீட்டோடு மாப்பிள்ளை என்பதை ஏளனமாகச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். இங்கே அவருக்கு என்ன குறை? நானும் அவரும் சண்டை பிடித்தால் பெத்தா, அம்மா, அப்பா, தங்கச்சி எல்லோரும் அவர் பக்கம். நானும் பிறந்த வீட்டை விட்டுப் போகாமல், என் பெயரில் உள்ள வீட்டில் பயமில்லாமல் இருக்கிறேன். சீதனத்தின் பாரம் தெரியாமல் இதைச் சொல்லவில்லை, தங்கச்சியின் வீட்டுக்காகத் தம்பி கட்டாரில் வெயிலில் நிற்கிறான். அந்தப் பாரம் குறையத்தான் வேண்டும். அதற்காக மகளுக்கு வீடு என்ற முறையே போய்விடக்கூடாது.

இப்போது தம்பி அனுப்பிய காசில் கூரை வேலை தொடங்கிவிட்டது. அடுத்த பிரச்சினை, பெத்தா எந்த வீட்டில் இருப்பது? எனக்குத்தான் என்று நானும், அம்மாவோடு தன்னிடம் வரட்டும் என்று தங்கச்சியும் இரவெல்லாம் இழுபறி. பெத்தா இரண்டு வீட்டிலும் கட்டில் போடச் சொல்லிவிட்டா, அதையும் மகளிடம்தான் சொல்லி அனுப்பினா. தச்சருக்கு அளவு கொடுத்தாச்சு.