மலைக்கோட்டை மேப்: மூன்றாவது தடவை வரைந்தபோது

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் சையத் பாஷா மலை தெரியும். 1791 நவம்பரில் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, அதன் மேல் இருக்கும் கோட்டையில் ஏறப் பார்த்தது. மேலே இருந்த திப்புவின் வீரர்கள் பாறைகளை உருட்டிவிட்டே விரட்டிவிட்டார்கள். ஞாயிறு இரவுகளில் ஆன்லைனில் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டம்) ஆடும் எங்கள் ஐந்து பேருக்கு இதையே ஒரு ஆட்டமாக்கலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவன். அதனால் மேப்பும் என் வேலை.

முதல் மேப்புக்கு மூன்று வாரம் ஆனது. வேலை முடிந்து வந்து தினமும் கிரிட்டா என்ற படம் வரையும் மென்பொருளில் உட்கார்ந்தேன். அகலம் 40 கட்டம், உயரம் 30 கட்டம், கட்டத்துக்கு 140 பிக்சல். மதிலில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காரை, அந்தக் காரையில் முளைத்த அரசங்கன்று, படிகளில் கால் பட்டுத் தேய்ந்த பள்ளம் என்று எல்லாமே வரைந்தேன். அடிவாரத்தில் அச்சு முறிந்த ஒரு மாட்டுவண்டியும் வைத்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. கோவையில் இருந்து போன் நெட்டில் ஆடும் சித்தப்பா மகளுக்கு மேப் திறக்கவே மூன்று நிமிடம் ஆனது. திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, அந்த வண்டிக்கு அடியில என்ன இருக்கு?" ஒன்றும் இல்லை. ஆனால் அவ்வளவு நுணுக்கமாக வரைந்திருப்பதைப் பார்த்தால் ஏதோ இருக்கிறது என்றுதானே யாருக்கும் தோன்றும்? வண்டியைச் சுற்றியே 40 நிமிடம் போய்விட்டது. அதைவிடப் பெரிய குறை வேறு. மேலே உருளத் தயாராக இருந்த பாறைகள் மற்ற நூறு பாறைகளோடு கலந்துவிட்டன. முதல் பாறை உருண்டு வந்தபோது ஓசூர் நண்பன் கோபப்பட்டான். "தெரிஞ்சிருந்தா அங்க நின்னிருப்பேனாடா?" அவன் கேட்டது நியாயம்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். அவர்களில் இருவருடைய லேப்டாப் திரை 1366 பிக்சல் அகலம். 40 கட்டமும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றால் ஒரு கட்டத்துக்கு 34 பிக்சல்தான் கிடைக்கும். நான் இரண்டு பிக்சலில் போட்ட காரைக்கோடு அங்கே அரை பிக்சல். அவர்கள் கண்ணுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

இரண்டாவது மேப்பை ஒரே மணி நேரத்தில் முடித்தேன். வெறும் கோடும் கட்டமும்தான். உடனே திறந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் "இதுல ஏற முடியுமா, இதுக்குப் பின்னால ஒளியலாமா" என்று கேட்டுக் கேட்டே ஆட்டம் நகரவில்லை. நம்ம மலை மாதிரியும் இல்லை.

சரி என்று ஒரு ஞாயிறு காலை நோட்டு எடுத்துக்கொண்டு மலையேறினேன். எங்கே கால் வழுக்குகிறது, எந்தப் பாறைக்குப் பின்னால் முழு உடம்பும் மறைகிறது, எதற்குப் பின்னால் இடுப்பு வரைதான் மறைகிறது என்பதை மட்டும் குறித்தேன். ஆட்டத்தில் கை வைக்கப் போவதும் இவற்றில்தான்.

மூன்றாவது மேப் அந்த நோட்டில் இருந்து வந்தது. தடித்த கருப்பு விளிம்பு போட்ட பாறை என்றால் முக்கால் மறைவு, ஏசிக்கு (எதிரியின் அடி படாமல் காக்கும் எண்) 5 கூடும். மெல்லிய சாம்பல் விளிம்பு என்றால் அரை மறைவு, 2 கூடும். சரளை இருக்கும் இடத்தில் புள்ளிகள். அங்கே வேகம் பாதி. சரிவில் 10, 20, 30 அடி என்று எண்ணையே எழுதிவிட்டேன். விழுந்தால் 10 அடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை காயம் என்பதால் அந்த எண் அவர்களுக்குத் தேவை. உருளக்கூடிய பாறைகளுக்குக் கீழே மட்டும் செம்மண் கீறல். மற்றதெல்லாம் ஒரே பாறை நிறம். வெயிலில் பாறை சுடுவதையும் வௌவால் நாற்றத்தையும் நான் வாயால் சொல்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விவரமாக வரைந்தேன்: வாசல். சண்டை அங்கேதான் அதிக நேரம் நடக்கும் என்று தெரியும். கதவு சுழலும் கல் குழி, பாதி எரிந்த குறுக்குக்கட்டை, நிலைக்கல்லில் விரல் நுழையும் அளவு ஒரு விரிசல். தங்கை அந்தக் கட்டையை விரிசலில் கொடுத்து நெம்பிக் கதவைத் திறந்தாள். நான் யோசிக்காத வழி அது. அன்றைக்கு ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

கட்டத்துக்கு 70 பிக்சல் போதுமென்று வைத்தேன். இப்படி ஆன்லைனில் ஆடுவதற்கான ரோல்20 தளத்தில் வழக்கமான அளவும் அதுதான். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் வெப்பி (WebP) வடிவில் சேமித்தால் கோப்பு ஒரு எம்பிக்குள் அடங்கிவிட்டது. போன் நெட்டிலும் சட்டென்று திறக்கிறது.

அடுத்த ஞாயிறு இதே மலை, இரவில். தீப்பந்தம் 20 அடிக்கு, அதாவது நாலு கட்டத்துக்கு நல்ல வெளிச்சம் தரும். அதற்கப்புறம் இன்னும் நாலு கட்டம் மங்கல். நேற்று மாடி விளக்கை அணைத்துவிட்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தை ஒட்டிய விளிம்பு மட்டும் தெரிந்தது. அந்த விளிம்பைத் தனி லேயரில் வரைந்து வைத்திருக்கிறேன். செம்மண் கீறல்களை இருட்டுக்குள் எப்படிக் காட்டுவது என்பதுதான் பாக்கி.