சிவப்பு நீரோடைக்கு மேலே

"மாமா, உதில ஏறேக்க முன்னுக்கு றோட்டே தெரியேல்லை!"

மழை விட்ட இன்றைய மாலையில், கோண்டாவில் வீட்டு விறாந்தையில் இருந்து கைபேசியில் பந்தயக் கார் ஓட்டிய மருமகன் கத்தியபோது, அவன் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் நிற்கிறான் என்பது திரையைப் பாராமலே எனக்கு விளங்கிவிட்டது.

சரிவில் இறங்கிவரும் கார், ஒரு சிற்றோடையைக் கடந்த கணமே வளைந்து செங்குத்தாக மேலேறும்; உச்சியைத் தொடும்வரை அப்பால் இருப்பது ஓட்டுநருக்குத் தெரியாது. இரும்புத் தாதால் கற்கள் செந்நிறமேறிய அந்த ஓடையின் பெயர்தான் ஓ ரூஜ், அதாவது சிவப்பு நீர். ஊர்களை இணைத்த பொது வீதிகளிலிருந்து பிறந்த தடம் அது.

ஃபோர்முலா வன் கார்ப்பந்தயத்துக்கு 1950 இல் நடந்த முதலாவது உலகச் சம்பியன் தொடரிலேயே இடம்பெற்ற அந்த மண்ணில், இப்போதைய ஒப்பந்தத்தின்படி 2028 இலும் 2030 இலும் ஃபோர்முலா வன் இல்லை.

புதிய நாடுகளுக்குப் பந்தயம் போவதை நான் வெறுக்கவில்லை. ஆனால் 2022 இல் மயாமியில் ஒரு விளையாட்டரங்கைச் சுற்றி, அதன் வாகனத் தரிப்பிடங்களினூடே அமைத்த தடத்துக்கு ஆண்டுதோறும் இடமிருக்க, பந்தயத்தை நடத்தக் கூடுதல் கட்டணம் கட்ட இயலாத பழைய தடங்கள் முறை வைத்துக் காத்திருப்பது நெஞ்சை அறுக்கிறது.

ஜேர்மனியின் ஹொக்கன்ஹைம் தடத்தில் காட்டினூடே ஓடிய நீண்ட நேர்ப்பாதைகளை 2002 இல் பெயர்த்தெடுத்து, அவ்விடத்தில் மரங்களை நட்டார்கள். சுருக்கிய தடத்திலும் 2019 க்குப் பிறகு ஃபோர்முலா வன் ஓடவில்லை.

மருமகன் மறுபடியும் ஓடையடியில் நிற்கிறான். இம்முறை பிரேக்கைத் தொடாமல் ஏறப்போகிறானாம்.