ஹிமேஜியில் காலை, கோஷியனில் மாலை

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை, பென்னாகரத்துக்காரரான நண்பர் ஒருவரையும் என்னையும் மூன்று மாதப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியிருந்தது. அங்கே கழித்த விடுமுறைகளில் ஒரு சனிக்கிழமையை மட்டும் இங்கே எழுதுகிறேன். கிருஷ்ணகிரிக்குத் திரும்பிய பிறகு வீட்டுத் திண்ணையில் சித்தப்பா திரும்பத் திரும்பக் கேட்டதும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

கோஷியன் மைதானத்தில் நாங்கள் பார்க்கவிருந்த பேஸ்பால் ஆட்டம் மாலை ஆறு மணிக்கு என்பதால் காலையில் ஹிமேஜி கோட்டைக்குப் போனோம். வெண்சுண்ணம் பூசிய அந்தக் கோட்டையை அவ்வூர் மக்கள் வெண்கொக்குக் கோட்டை என்கிறார்கள். இன்றுள்ள தலைமைக் கோபுரம் 1609-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1945-இல் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோதும், 1995-இன் பெரும் நிலநடுக்கத்திலும் அது தப்பி நின்றது. காலணிகளைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, செங்குத்தான மரப்படிகளில் மெல்ல ஏறினோம். அம்பெய்யவும் துப்பாக்கி நீட்டவும் சுவரில் முக்கோணமாகவும் வட்டமாகவும் சதுரமாகவும் துளைகள் விட்டிருக்கிறார்கள். நம் சையத் பாஷா மலைக்கோட்டையில் பாறையே பாதிக் காவல் செய்துவிடுகிறது. சமவெளிக்கு நடுவே எழுந்த இந்தக் குன்றிலோ மதிலும் வாயிலும் வளைவுப் பாதையும் சேர்ந்துதான் பகைவரைத் திணறடித்திருக்க வேண்டும்.

மதியம் கிளம்பிய ரயில் கடற்கரையை ஒட்டிச் சென்றது. இரு பெரிய கோபுரங்களுக்கு இடைப்பட்ட நடுப்பகுதி மட்டும் 1991 மீட்டர் நீளமுள்ள ஆகாஷி தொங்குபாலம் தலைக்கு மேலே கடந்து போனபோது, உப்பில் ஊறிய புளிப்புப் பழம் பொதிந்த சோற்றுருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கட்டுச்சோற்றுக்குள்ளேயே ஊறுகாயையும் வைத்துத் தருவது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

நிஷினோமியா நகரிலுள்ள கோஷியன் மைதானம் 1924 ஆகஸ்ட் 1 அன்று திறக்கப்பட்டது. அறுபது ஆண்டுச் சுழற்சியின் முதலாண்டுக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர்களுள் ஒன்று கோஷி. அந்த ஆண்டில் பிறந்ததால் மைதானத்துக்கும் அந்தப் பெயரே வந்தது. நமக்கும் பிரபவ முதல் அட்சய வரை அறுபது உண்டு என்று நான் சொன்னதும், சித்தப்பா விரல் விட்டு எண்ணி, 1924 நம் கணக்கில் ரக்தாட்சி என்றும், நம் பிரபவம் அதற்கு மூன்று ஆண்டு பின்னால் வருகிறது என்றும் கண்டுபிடித்துவிட்டார்.

வெளிச்சுவரெங்கும் கொடி படர்ந்த அந்த மைதானத்தின் உட்களத்தில் புல் கிடையாது. கரிய மண்ணும் மணலும் கலந்த தரை. ஆண்டுதோறும் ஆகஸ்டில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டி இங்கே நடக்கிறது. தோற்றுப் போகும் சிறுவர்கள் அழுதபடியே அந்த மண்ணை அள்ளிப் பையில் கட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், நான் முதலில் பார்த்தது வீரர்களை அல்ல, அந்த மண்ணைத்தான்.

அன்று ஹான்ஷின் டைகர்ஸ் அணிக்கும் ஹிரோஷிமா கார்ப் அணிக்கும் ஆட்டம். கிரிக்கெட் மட்டுமே அறிந்த சித்தப்பாவுக்கு விதிகளை விளக்குவதற்குள் ஒரு மாலை கழிந்தது. மூன்று பேர் அவுட்டானால் முறை மாறும், அப்படி ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது முறை, பந்து தரையில் குத்தாமல் வரும், உருண்டை மட்டை, பின்பக்கம் அடித்தால் கணக்கில் சேராது என்று சொன்னேன். முறையாக அடித்துவிட்டால் ஓடாமல் நிற்க முடியாது என்பதைத்தான் அவர் ஒப்புக்கொள்ளத் தயங்கினார்.

என்னை ஆட்கொண்டது ஆட்டத்தை விட, பார்வையாளர்களின் ஒழுங்கு. தம் அணி மட்டை பிடிக்கும்போதுதான் அவர்கள் பாடுகிறார்கள். எதிரணியின் முறை வந்ததும் அமர்ந்து, சோறு உண்டு, பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது மூலையில் சிவப்புச் சட்டையோடு வந்திருந்த ஹிரோஷிமா ஆதரவாளர்கள் மாறி மாறி எழுந்தும் குந்தியும் பாடினார்கள். அந்தச் சிறு கூட்டத்தின் குரல் பல்லாயிரம் பேர் நிறைந்த மைதானத்தில் தெளிவாகக் கேட்டது. இதைவிடப் பெரிய மரியாதையை நான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. புலிகளின் முறை திரும்பியதும் டிரம்பெட்டும் முரசும் முழங்க, சிறு பிளாஸ்டிக் மட்டைகளை ஒன்றோடொன்று தட்டியபடி மொத்த மைதானமும் எழுந்தது. முன்னணி வீரர் ஒவ்வொருவருக்கும் தனிப் பாட்டு. பந்து வீசுபவர் மட்டையோடு வந்தபோதும், அவரைப் போன்றவர்களுக்கென வைத்திருக்கும் பொதுப் பாட்டைப் பாடினார்கள். எங்கள் முன்வரிசைப் பாட்டி ஒருவர், சொல் புரியாவிட்டாலும் தாளம் தவறக் கூடாது என்பதுபோல், என் கையைப் பிடித்துத் தட்டிக் காட்டினார்.

டைகர்ஸ் தோற்றது. ஒன்பதாவது இன்னிங்ஸில், ஐந்து ரன் பின்தங்கி, இரண்டு பேர் அவுட்டான நிலையில், அன்று ஒரு முறைகூடச் சரியாக அடிக்காத வீரர் வந்து நின்றார். கிளம்பியவர்கள் மிகச் சிலரே. முதல் இன்னிங்ஸில் பாடிய அதே பாட்டை, ஒரு வரியும் விடாமல், அதே உரத்த குரலில் அவருக்குப் பாடினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்த இடத்துக்கு வந்தபோது சித்தப்பா என்னை நிறுத்தினார். இளவயதில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் தெருக்கூத்துக்கு மிருதங்கம் வாசித்தவர் அவர். “துரியோதனன் படுகளத்தில் விழப்போகிறான் என்பது ஊருக்கே தெரியும், கண்ணு. அதற்காக அவன் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போது பாட்டைக் குறைத்துப் பாடுவோமா?” என்றார். பிறகு கைபேசியில் நான் பதிவு செய்து வைத்திருந்த அந்தக் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லி, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். இரண்டாம் முறை ஒலித்தபோது அவருடைய தாளம் முரசோடு சரியாகப் பொருந்திவிட்டது.